சிரிப்புச் சத்தமும் விக்கெட் தடியும்: படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் அடிதடி பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் பையன் தனி ஒருவன் அல்லன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் பதின்ம வயதினரின் அடிதடிகளைக் கையாள்பவர்கள் அடிக்கடி காணும் கூறுகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. ஊர், பாடசாலை, ஆட்கள் யாரையும் இது குறிக்காது. உளவியல் விளக்கங்களும் சட்ட விபரங்களும் உள்ளவை உள்ளபடியே.

நடந்தது

படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயலும் குளமுமான ஊர். மாணவர்களை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்க, வியாழக்கிழமை மதியம் 1 மணி தாண்டி மைதானத்தில் பயிற்சி நடக்கிறது. தரம் 10 மாணவன், 15 வயது, வேப்பமரத்தடியில் நின்ற தன் வகுப்புப் பையனை விக்கெட் தடியால் இரண்டு தரம் அடிக்கிறான். முதல் அடி முதுகில். இரண்டாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியதில் இடது முன்கை எலும்பு முறிந்தது. மூன்றாவது அடி இல்லை. தடியைப் போட்டுவிட்டு மதிலோரம் போய் வாந்தி எடுத்தான். ஆசிரியர் பிடிக்க வந்தபோது அவன் ஓடவில்லை.

அன்று பின்னேரமே ஊரில் மூன்று காரணங்கள் உலாவின. போனில் விடிய விடிய கேம் விளையாடுகிற பையன் என்பது ஒன்று. தாய் வெளிநாட்டில், கேட்க ஆளில்லை என்பது இன்னொன்று. யுத்த பூமியில் பிறந்த பிள்ளைகள் இப்படித்தான் என்பது மூன்றாவது. பையன் பிறந்தது 2009இல். கிழக்கில் சண்டை முடிந்தது 2007இல். வெடிச் சத்தமும் 2004 மார்கழிச் சுனாமியும் அவன் காணாதவை. மூன்று காரணங்களிலும் உண்மையின் வாடை இருக்கிறது, ஆனால் எதுவும் சொன்ன வடிவத்தில் சரியில்லை.

வீடு

மட்டக்களப்பு வழமைப்படி வீடு தாயின் பெயரில், அவளுக்குச் சீதனமாக வந்தது. தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். போனதற்குக் காரணம் நுண்கடன். வீட்டில் அம்மம்மா, பையன், 9 வயதுத் தங்கச்சி. தகப்பன் மேசனுக்குக் கையாளாகப் போகிறவர். மனைவி இல்லாத வீட்டில், மாமியாரின் வளவில், அவருக்கு நிலை கிடையாது. வருவார், கசிப்பு எடுத்திருந்தால் சத்தம் போடுவார், போய்விடுவார். கண்டிக்கிற பொறுப்பு வழமைப்படியே தாய்மாமனிடம் வந்து சேர்ந்தது. பிள்ளையைத் திருத்த மாமனைக் கூப்பிடுவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதினம் இல்லை.

மாமனுக்கு இப்போது முப்பதுகளின் நடுப்பகுதி. பதின்ம வயதில் ஆயுதக் குழுவொன்றுக்குக் கொண்டுபோகப்பட்டு, 2004இல் அந்தக் குழு பிளவுபட்டதோடு வீட்டுக்குத் திரும்பியவர். இன்றும் கதவுக்கு முதுகு காட்டி இருக்க மாட்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் வளவடியில் நின்றால் எழும்பி நிற்பார். பையனுக்கு அவர் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான்: "முந்தி அடிக்கிறவன்தான்டா தப்புவான்." யுத்தம் இந்தப் பிள்ளையிடம் வந்து சேர்ந்தது இந்த வழியால்தான். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்குத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடையே செய்த ஆய்வுகளும் இதையே காட்டின: தகப்பனின் குடியும் குடும்பம் பட்ட போர் அனுபவமும் எங்கே கூடவோ, அங்கே வீட்டுக்குள் பிள்ளை அடிபடுவதும் கூடுகிறது.

அந்த இருபத்துநான்கு மணித்தியாலம்

முதல் சந்திப்பில் பையனிடம் கிடைத்தது ஒரே வரி: "கோவம் வந்திச்சு சேர், அடிச்சன்." பெரும்பாலான விசாரணைகள் இந்த வரியோடு முடிகின்றன. "ஏன் அடித்தாய்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளை ஒரு நியாயத்தைச் சோடித்துத் தருவான், அல்லது வாயை மூடிக்கொள்வான். "ஏன்" என்பதை விட்டுவிட்டு "அதுக்கு முதல் என்ன?" என்று பின்னோக்கிக் கேட்க வேண்டும். தடியை எடுக்க முதல் எங்கே நின்றாய், என்ன கேட்டது, யாரைப் பார்த்தாய், உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது? ஒவ்வொரு பதிலையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் வரிசையாக வைத்தால் பிள்ளையே துண்டுகளை இடம் மாற்றித் திருத்துவான். 45 நிமிடம் எடுக்கும். அதிபர் அறையில் செய்யக்கூடாது. அந்தக் கதிரையில் இருக்கிற எந்தப் பிள்ளையும் தண்டனைக்குக் காத்திருக்கிறவன்தான்.

துண்டுகள் சொன்ன கதை இது. புதன் இரவு 1 மணி வரை அவன் தூங்கவில்லை. போன் கையில்தான் இருந்தது, ஆனால் அவன் காத்திருந்தது தாயின் அழைப்புக்கு. குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவள் வேலை முடித்து அறைக்கு வரும்போது அங்கே இரவு 10.30, இங்கே அதிகாலை 1 மணி. கதைத்த பத்து நிமிடத்தில் பாதி, தகப்பன் காசை என்ன செய்தார் என்ற விசாரணை. காலையில் வெறும் தேத்தண்ணி. 7.30க்குக் காலை ஒன்றுகூடலில் தங்கள் இல்லத்தின் நிறத்தில் ரீ சேட் இல்லாதவர்களை முன்னுக்கு வரச் சொன்னார்கள். ஐந்து பேர் நின்றார்கள், அவன் கடைசி. இடைவேளையில் ஒரு பையன், "குவைத் காசு எங்கடா போகுது?" என்றான். பகிடிதான். அவன் பதில் சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை. மதியம் மைதானத்தில் விக்கெட் தடிகளைச் சுமந்துகொண்டு மரத்தடியைக் கடந்தபோது நான்கு பேர் சத்தமாகச் சிரித்தார்கள். காது சூடானது, உள்ளங்கை வேர்த்தது, "அவனுகள் என்னைத்தான்" என்று தோன்றியது. அடுத்த துண்டில் அடி.

நான்கு பேரையும் தனித்தனியே கேட்டபோது விஷயம் வேறு. தடை தாண்டும்போது விழுந்த இன்னொரு பையனைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள். அடிபட்டவன் ரீ சேட் பகிடியிலும் இல்லை, குவைத் பகிடியிலும் இல்லை. சிரித்ததில் கிட்ட நின்றவன், அவ்வளவுதான்.

எப்படி விளங்கிக்கொள்வது

தெளிவில்லாத ஒரு செயலைப் பகையாக வாசிக்கும் பழக்கத்தைக் உளவியலாளர் கெனத் டொட்ஜ் 1980களில் விரிவாக ஆராய்ந்தார். வீட்டில் அடிபட்டு வளரும் பிள்ளைகளிடம் இது கூடுதல். அது அவர்கள் வீட்டில் பிழையான வாசிப்பும் அல்ல. குடித்து வரும் தகப்பனின் செருப்புச் சத்தத்தை வைத்து இரவு எப்படிப் போகும் என்று கணிக்கத் தெரிந்த பிள்ளைதான் அங்கே தப்புகிறான். அதே கணிப்பை மைதானத்துக்குக் கொண்டுவரும்போது பிழைக்கிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆறு சிறு சம்பவங்களைச் சொல்லி, "அவன் வேணுமெண்டு செய்தானா, தற்செயலா?" என்று கேட்பது: உன் சைக்கிள் விழுந்து கிடக்கிறது, பக்கத்தில் ஒருவன் நிற்கிறான், உன் கொப்பியில் தண்ணீர் பட்டிருக்கிறது, நீ வகுப்புக்குள் வர இருவர் சிரிக்கிறார்கள், இப்படி. பையன் நான்கைத் தற்செயல் என்றான். சிரிப்பு வந்த இரண்டை மட்டும் வேண்டுமென்று செய்தது என்றான். எல்லாவற்றிலும் பகை காணும் பிள்ளை அல்ல இவன். அவமானத்தில் மட்டும் அவன் வாசிப்பு திரிகிறது. தலையீடு முழுவதும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நின்றது. பொதுவான "கோபக் கட்டுப்பாட்டு" வகுப்பு இவனுக்குப் பொருந்தாது.

அடுத்தது அடியின் வகை. வெகுண்டு அடிப்பது வேறு, ஆதாயம் கணக்கிட்டு அடிப்பது வேறு. திட்டமில்லாமை, இரண்டடியில் நிறுத்தியது, நடுக்கம், வாந்தி எல்லாம் முதல் வகையைக் காட்டின. ஆனால் அந்த வகை அப்படியே இருந்துவிடாது. மூன்றாம் நாளே அவனுக்குச் "சண்டியன்" பட்டம் கிடைத்தது. ஒன்றுகூடலில் ரீ சேட் இல்லாமல் நின்றவனைப் பார்த்துச் சிரிக்க இனி யாரும் துணியமாட்டார்கள். சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் பெரிய பையன்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடி வேலை செய்கிறது என்று அவன் படிக்கத் தொடங்கும் இடம் இதுதான். அடித்த நாளைவிட அடுத்த மூன்று கிழமைதான் ஆபத்து.

பதின்ம வயது மூளையில் உணர்ச்சியின் வேகம் முந்திப் போக, அதை நிறுத்தும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கும் என்பது இப்போது பலரும் அறிந்த சங்கதி. எல்லாப் பதின்ம வயதினருக்கும் அது பொது. எல்லாரும் தடி தூக்குவதில்லை. உளவியலாளர் டெரி மொஃபிற் 1993இல் பிரித்துக் காட்டிய வேறுபாடு கூடுதல் பயன் தரும்: சின்ன வயதிலிருந்தே அடிக்கிற சிலர் ஒருபுறம், பதின்ம வயதில் தொடங்கிப் பெரும்பாலும் வளர்ந்தபின் விட்டுவிடுகிற பலர் மறுபுறம். இவனுடைய ஆரம்ப வகுப்பு அறிக்கைகளில் சண்டை பற்றி ஒரு குறிப்பும் இல்லை. தேடிப் பார்க்க அரை மணித்தியாலம் போதும், யாரும் பார்ப்பதில்லை.

கோபம் என்று பார்த்ததற்குள் மனச்சோர்வும் இருந்தது. பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் அறிய உளமருத்துவர் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்று வினாக்கொத்தை வகுப்பாசிரியர், அம்மம்மா, பையன் மூவரிடமும் கொடுத்தால் வழமையான ஒரு முரண் தெரியும், இங்கும் தெரிந்தது. ஆசிரியரின் தாளில் நடத்தைப் பிரச்சினை உயர்வு, உணர்ச்சிப் பிரச்சினை ஒன்றுமில்லை. பையனின் தாளில் உணர்ச்சிப் பிரச்சினைதான் உயர்வு: கவலை, தலையிடி, பயம். ஆண் பிள்ளையின் கவலை எரிச்சலாகவே வெளியே தெரியும். ஆகவே தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரே கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயம் வீண். "செத்தா நல்லம் எண்டு ரெண்டு தரம் நினைச்சன்" என்றான். அன்றே அம்மம்மாவோடு கதைத்து, விறாந்தை மூலையில் இருந்த களைநாசினிப் போத்தல்கள் வேறு வளவுக்குப் போயின. வயல் ஊர்களில் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. இப்படியான பதில் வந்தால் ஆதார வைத்தியசாலை அல்லது போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அனுப்பத் தாமதிக்கக்கூடாது. தொலைபேசியில் தேசிய உளநல உதவி இலக்கம் 1926 உண்டு.

யாரும் எதிர்பாராதது காது. கதைக்கும்போது வலப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். இரண்டு மாதம் முன்பு மாமன் கன்னத்தில் அறைந்ததில் இடது காது "ஙொய்" என்று கேட்டதாம். இரகசியக் குரல் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். பிள்ளைக்குப் பின்னால் கை நீள தூரத்தில், ஏறக்குறைய 60 சென்ரிமீற்றரில் நின்று, மற்றக் காதை விரலால் மூடி மெதுவாகத் தேய்க்கச் சொல்லி, மூச்சை முழுதும் விட்டபின் எண்ணும் எழுத்துமாக மூன்றைக் கிசுகிசுக்க வேண்டும். பிழைத்தால் இன்னும் மூன்று. ஆறில் மூன்று சரியென்றால் போதும். வலது காது தேறியது, இடது காதில் ஒன்றுதான் சரி. வைத்தியர் செவிப்பறையில் துளை கண்டார். அறையால் வரும் துளை பெரும்பாலும் சில கிழமைகளில் தானாக மூடும். குளத்தில் முங்கிக் குளிக்கிறவனுக்குத் தண்ணீர் போய்ச் சீழ் பிடித்து ஆறாமல் நிற்கும். ஒரு காது மந்தமானவனுக்குச் சத்தம் வரும் திசை பிடிபடாது. சிரிப்பு கேட்கும், எதைப் பற்றிய சிரிப்பு என்பது கேட்காது.

செய்தவையும் பிழைத்தவையும்

அடிபட்டவனில் இருந்து தொடங்க வேண்டும். இங்கே பாடசாலை அதைப் பிந்திச் செய்தது. முதல் இரண்டு நாளும் அதிபர் தரப்பில் யாரும் வைத்தியசாலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அடிபட்டவனின் பெரியப்பா ஆட்களோடு பையனின் வளவுக்கு வந்தார். 24 மணித்தியாலத்துக்குள் பாடசாலையிலிருந்து இருவர் நேரில் போய், என்ன நடந்தது, இனி என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் இது நடந்திராது. எலும்பு முறிவு தண்டனைச் சட்டக் கோவையின் 311ஆம் பிரிவின்படி கடுங்காயம். பாடசாலைக்குள் பேசி மூடிவிடும் விஷயம் அல்ல. 2018 திருத்தத்தின்பின் குற்றப் பொறுப்பின் வயதெல்லை 12. பொலிஸ் சிறுவர், பெண்கள் பணியகமும் நன்னடத்தை உத்தியோகத்தரும் வருவது பிள்ளைக்கு எதிரான காரியம் என்று பயப்படத் தேவையில்லை. நீதிமன்றம் கேட்கும் சமூக அறிக்கையில் மேலே கண்டவை எல்லாம் இடம்பெற அதுவே வழி.

ஒழுக்காற்றுக் குழு முதலில் எடுத்த முடிவு இரண்டு கிழமை இடைநிறுத்தமும், ஒன்றுகூடலில் எல்லார் முன்னும் மன்னிப்பும். இடைநிறுத்தம் என்றால் பகல் முழுதும் சந்தியில் அந்த மோட்டார் சைக்கிள்காரரோடு. பகிரங்க மன்னிப்பு என்றால் ரீ சேட் இல்லாமல் நின்ற அதே இடத்தில், இன்னும் பெரிய சிரிப்புக்கு முன்னால் அவனை நிறுத்துவது. நோயைக் கொடுத்ததையே மருந்தாகக் கொடுக்கிற வேலை. மூன்று நாள் வீட்டில், பின்பு பத்து நாள் பாடசாலைக்குள் தனி மேற்பார்வையில் பாடம் என்று அது மாற்றப்பட்டது. பிரதி அதிபருக்கு அதில் விருப்பமில்லை. அவருடைய கேள்வி நியாயமானது: மற்றப் பிள்ளைகள் என்ன படிப்பார்கள்? தண்டனை உண்டு, அது என்ன என்பது வகுப்புக்குச் சொல்லப்படும், சபையில் நடக்காது என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட பதில்.

இத்தகைய பையன்கள் ஏழெட்டுப் பேரை ஒன்றாகச் சேர்த்து "திருத்த முகாம்" நடத்தும் யோசனையும் வந்தது. அடிக்கிற பிள்ளைகளை ஒரே குழுவில் போட்டால் ஒருவர் கதைக்கு மற்றவர் சிரித்து ஊக்கம் கொடுத்து நடத்தை மோசமாகிறது என்பதை 1990களின் கடைசியிலேயே காட்டிவிட்டார்கள். சிறைச்சாலையைக் காட்டிப் பயமுறுத்தும் நிகழ்ச்சிகளும் பின்னாளில் குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகின்றன. இந்த மாவட்டங்களில் இன்னும் இரண்டுக்கும் நல்ல மதிப்பு.

பையனோடு கிழமைக்கு ஒருமுறை 45 நிமிடம், பத்துத் தடவை. முதல் இரண்டில் காது சூடு, உள்ளங்கை வேர்வை என்ற இரண்டு அடையாளங்களைப் பிடிக்கப் பழகினான். மூச்சு நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, காலையும் படுக்க முன்னும் ஐந்து நிமிடம். இதைக் கோபம் வந்த நேரத்தில் சொல்லிக் கொடுப்பதுதான் வழமையான பிழை. அமைதியாக இருக்கும்போது பழகாத மூச்சு அவசரத்தில் வராது. பின்பு சிரிப்பு: ஒவ்வொரு நாளும் கேட்ட ஒரு சிரிப்புக்கு மூன்று காரணம் எழுதி வரவேண்டும், ஒன்றுதான் தன்னைப் பற்றியதாக இருக்கலாம். முதல் கிழமை வெறுங்கொப்பி. இரண்டாம் கிழமை, "மிஸ்ஸின்ர குடை திரும்பினதுக்குச் சிரிச்சாங்கள்" என்று ஒரு வரி வந்தது.

வகுப்பிலிருந்து விலகிப் போக மஞ்சள் அட்டை ஒன்று கொடுக்கப்பட்டது. அதைக் காட்டினால் ஆசிரியர் கேள்வி கேட்காமல் விட வேண்டும். நாலாம் நாளே "அட்டைக்காரன்" என்று பகிடி தொடங்கியது. அட்டை எடுக்கப்பட்டு, தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போவது என்று மாற்றினார்கள். யாரும் போகலாம், யாருக்கும் விளங்காது. ஏழு நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும், திரும்பியபின் ஆசிரியர் ஒன்றும் கேட்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் ஆசிரியர்கள் மீறினார்கள். "என்ன, ஐயாவுக்குக் கோவம் போட்டுதோ?" என்று ஒருவர் வகுப்பில் கேட்ட அன்று பையன் கதவை உதைத்துவிட்டுப் போனான்.

ஒன்றுகூடலில் ஆடை, கட்டணம் பற்றிப் பெயர் சொல்லி நிறுத்துவது நின்றது. ரீ சேட் இல்லாதவர்களுக்குப் பழைய மாணவர்களிடம் வாங்கிய ரீ சேட்டுகள் விளையாட்டு அறையில் வைக்கப்பட்டன. செலவு ஏதுமில்லை, பலன் பையனுக்கு மட்டும் என்றுமில்லை.

வீட்டில் எளிதாக மாறியது தொலைபேசி நேரம். தாய்க்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓய்வு. அங்கே 4 மணி, இங்கே 6.30. கிழமைக்கு ஒரு நீண்ட அழைப்பு அந்த நேரத்தில், மற்ற நாட்களில் குரல் பதிவு மட்டும், காசுக் கதை அம்மம்மாவோடு. இரண்டு கிழமையில் பையன் 10.30க்குத் தூங்கத் தொடங்கினான். எரிச்சல் குறைந்ததில் இந்த ஒரு மாற்றத்தின் பங்கு மற்ற எதையும்விடப் பெரிதாக இருக்கலாம். கேமைத் திட்டிக்கொண்டு போனைப் பறித்திருந்தால் தாயைப் பறித்ததாகத்தான் முடிந்திருக்கும்.

மாமனுக்கு விரிவுரை செய்ய யாரும் போகவில்லை. "என்னை அடிச்சுத்தானே வளத்தாங்க, நான் என்ன கெட்டா போனன்?" என்றார். அந்த வாதத்துக்கு மறுவாதம் சொல்லி வென்றவர் இல்லை. செவிப்பறைப் படத்தை வைத்தியர் காட்டியதும் சத்தம் அடங்கியது. ஒரு மாணவனின் காதில் ஆசிரியர் அறைந்த வழக்கில் 2021இல் உயர் நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்று தீர்த்து இழப்பீடு விதித்த செய்தியும் பேசப்பட்டது. இனிக் கை வைப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார். பின்னேரம் வரம்படியால் பையனைக் கூட்டிக்கொண்டு நடப்பது, சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இருப்பது என்ற வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. தனக்கே தூக்கமில்லை என்பதை மூன்றாம் சந்திப்பில் சொன்னார். உளநலச் சிகிச்சைக்கு வர மறுத்துவிட்டார். தகப்பனின் குடியில் மாற்றமே இல்லை.

மன்னிப்பு ஏழாம் கிழமை, நூலகத்தில், இரு தரப்பும் ஓமென்ற பின். அடிபட்டவன் கேட்டது ஒன்றுதான்: "நான் உனக்கு என்ன செய்தன்?" பையனிடம் பதில் இருந்தது, சிரிப்பைத் தான் எப்படிக் கேட்டான் என்பதைச் சொன்னான். வைத்தியசாலைப் போக்குவரத்துச் செலவைத் தாய் அனுப்பிய காசிலிருந்து அம்மம்மா கொடுத்தார். அடிபட்டவன் மைதானத்துக்குத் திரும்ப இன்னும் ஒரு மாதம் எடுத்தது. அவன் முதுகுப் பக்கம் யாரும் வந்தால் திடுக்கிடுவான். அவனுக்கும் நான்கு சந்திப்புகள் ஒதுக்கப்பட்டன. இப்படியான கோவைகளில் பெரும்பாலும் இந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

தவணை முடிவில் நிலைமை: அடி இல்லை, ஒரு தள்ளுமுள்ளு, ஒரு கதவு உதைப்பு. சந்திக்கு இன்னும் போகிறான், முன்னைவிடக் குறைவு. செத்துப் போகும் எண்ணம் இரண்டு மாதமாக இல்லை என்கிறான். உளநலப் பிரிவுக்கு மாதம் ஒருமுறை போகிறான். இடது காதுத் துளை மூடிவிட்டது. அடுத்த வருடம் சாதாரண தரம், வகுப்பாசிரியர் மாறுவார். புதியவருக்கு ஒரு பக்கக் குறிப்பு கையளிக்கப்பட வேண்டும்: இடது காதுப் பக்கம் நின்று பேசவேண்டாம், சபையில் பெயர் சொல்லி நிறுத்தவேண்டாம், பைப்படிக்குப் போனால் ஏழு நிமிடம், திரும்பினால் கேள்வி இல்லை, வெள்ளி பின்னேரம் மேலதிக வகுப்பு வைத்தால் 6.30க்கு முன் விடவும். சம்பவத்தின் விபரம் அந்தப் பக்கத்தில் வேண்டாம். அது கோவையில், பூட்டிய அலுமாரியில்.